தீப்பெட்டி தேவைப்படாத பழக்கம்

அன்புள்ள செந்திலுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். உன் நலத்தைத்தான் திருச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம், மூத்திரம், ஸ்கேன் என்று எல்லாவற்றிலும் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் நலம் உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரம் தவறாமல் அரியலூருக்கு பஸ் ஏறிப் போய், மெஷினுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் படுத்து, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். உன் கிட்னியில் ஒன்றை எனக்குக் கொடுப்பது என்று நீ முடிவு செய்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிடும் என்றும் சொன்னாய். தம்பி, திங்கட்கிழமை நாம் திருச்சிக்குப் போகப்போவதில்லை. ஏன் என்பதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்பாய், நானும் அதை நம்பிக்கொண்டு போனை வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை நீ குறுக்கே பேச முடியாது.

குவாரி கேட்டில் இருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும். சுண்ணாம்புக்கல் குவாரியில் எனக்கு எடைமேடை கிளார்க் வேலை என்று நீ பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுப்பாய். எடை போடுவது பாதி வேலைதான். மீதி வேலை, உள்ளே போகிற லாரிக்காரர்களின் தீப்பெட்டியைப் பிடுங்கி வைப்பது. உள்ளே வெடிமருந்து இருக்கும், டீசல் இருக்கும். அதனால் நெருப்பு போகக் கூடாது. வண்டி நின்றதும் "நெருப்பு இருக்கா?" என்று கேட்பேன். இல்லைங்க என்பார்கள். இல்லை என்றாலும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திரும்பி வரும்போது கொடுப்பேன். எனக்கும் அதே சட்டம்தான். கேட்டுக்குள் கால் வைத்த பிறகு எனக்கும் பீடி கிடையாது. காலை டீக்கு ஒன்று, வண்டி வரிசை கட்டி நிற்கும்போது ஒன்று என்று பழகியிருந்த எனக்குக் கையும் காலும் ஓடாது. அப்போது ஒரு டிரைவர்தான் என் நிலைமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் கொஞ்சம் புகையிலைத் தூளைக் கொட்டி, "கிளார்க்கு சார், இதுக்கு நெருப்பே வேணாம்" என்று சொன்னார். சுண்ணாம்பு மலையையே எடை போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு சிட்டிகை சுண்ணாம்பா கிடைக்காது? தேய்த்துக் கீழ் உதட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எந்தச் சட்டத்தையும் நான் மீறவில்லை.

கொஞ்ச நாளில் பீடி தானாகப் போய்விட்டது. உன் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாண வீடு, காது குத்து எங்கே போனாலும், "எங்க வூட்டுல அவரு பீடியை விட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு, உதட்டுக்குள் தூள் இருக்கிறதே என்ற நினைப்பே இல்லாமல், பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருப்பேன். பொய் சொல்கிறோம் என்று நான் நினைக்கவே இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். எங்களுக்கெல்லாம் பழக்கம் என்றால் அது பீடி, சிகரெட், சாராயம். ஊதுகிறது பழக்கம், குடிக்கிறது பழக்கம். உதட்டுக்குள் இருப்பது பழக்கத்தில் சேர்த்தியே இல்லை. வெங்காயக் களத்தில் உட்கார்ந்து தாள் அரிகிற பெண்களில் பாதிப்பேர் வாயில் போயிலை இருக்கும். அவர்களிடம் போய் உனக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

இடுப்பு வலி வந்தது அதற்குப் பிறகு. அந்த எடைமேடை நாற்காலியில் நீ ஏறி உட்கார்ந்து சுற்றியிருக்கிறாய், அதன் ஒரு கால் எப்போதும் குட்டை. வலிக்கு மெடிக்கலில் "ஒரு செட்டு குடுப்பா" என்று கேட்டு வாங்குவேன். பேப்பரில் மடித்துக் கொடுக்கிற அந்த மாத்திரைகளின் பெயர் என்ன, எதற்கு எது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மாத்திரையைப் போட்டு, டீயைக் குடித்து, தூளை வைத்தால் இடுப்பு இருக்கிற இடமே தெரியாது. வருஷக்கணக்கில் அப்படித்தான் வேலை பார்த்தேன், உன்னைப் படிக்க வைத்தேன், குன்னத்துப் பக்கம் இருந்த நிலத்தில் உன் அம்மா மக்காச்சோளமும் வெங்காயமும் மாற்றி மாற்றிப் போட்டாள். பிறகு கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. திருச்சிக்குக் கூட்டிப் போனாய். வலி மாத்திரைதான் கிட்னியைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிரஷரும் சேர்ந்துகொண்டதாம். அப்போது அவர் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஐயா, பீடி சிகரெட்டு உண்டுங்களா?" உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "அதெல்லாம் விட்டு ரொம்ப வருஷமாச்சும்மா" என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார். வரும் வழியில் உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவங்ககிட்ட இதையும் சொல்லியிருக்கலாமே என்றாள். அவங்க கேட்டது பீடியைத்தானே என்று அவளை அதட்டினேன். அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள், இன்றுவரைக்கும் அதைப் பற்றித் திறக்கவில்லை.

நீதான் கண்டுபிடித்தாய். தீபாவளிக்கு வந்தபோது துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நான் துப்பியதைப் பார்த்தாய். அடுத்த தடவை வரும்போது சென்னையிலிருந்து ஒரு பெட்டி சூயிங்கம் வாங்கி வந்து என் தலைமாட்டில் வைத்தாய். நிக்கோட்டின் சூயிங்கம், புகையிலையை விடுகிறவர்களுக்கு மருந்துக் கடையில் விற்பது. "இதை மெல்லுங்கப்பா, அது இல்லாம இருக்கலாம்" என்றாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை மென்று ஒரேயடியாக விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பகலில் அதை மென்றேன், அது போதாதபோது தூளையும் வைத்தேன். நீ போனில் "விட்டுட்டீங்களாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் "விட்டாச்சு விட்டாச்சு" என்றேன். பீடியை விட்டபோது சொன்ன அதே வார்த்தைதான், வாய்க்குப் பழகியிருந்தது. மெஷினில் படுக்கிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள், வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தூளை வைத்தால் எச்சில் ஊறும். அதை ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டேன். சாக்குக்கு எனக்கு எப்போதும் குறைவே இருந்ததில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. உனக்கு ஸ்கேன் எடுத்த அன்று, நீ வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, டாக்டரம்மா என்னை உட்கார வைத்து ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதைச் சொன்னார். புதுக் கிட்னியை என் உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளாதாம், அந்நியம் என்று விரட்டப் பார்க்குமாம். அதை அடக்கி வைக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையில் ஒரு வம்பு இருக்கிறது. காப்பாற்றுவதும் அதுதான், அளவு மிஞ்சினால் அந்தக் கிட்னியையே கெடுப்பதும் அதுதான். அதனால் அடிக்கடி ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்களாம். என்னுடைய கிட்னியை மாத்திரையால் கெடுத்த கதையைத்தான் முன்பே கேட்டுவிட்டேனே. எனக்குத் தெரிந்த ஒருவர் என்று ஆரம்பித்து, அவருக்கும் மாற்று கிட்னி வைக்கப் போகிறார்கள், பீடி குடிக்க மாட்டார், சும்மா போயிலை வைப்பார், இல்லாவிட்டால் சூயிங்கம் மெல்லுவார், அதனால் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புகையை விடச் சூயிங்கம் எவ்வளவோ தேவலாம் என்றார். ஆனால் நெருப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போவது நிக்கோட்டின், அது ரத்தக் குழாயைச் சுருக்கும், பிரஷரை ஏற்றும், ஏற்கெனவே மாத்திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற கிட்னிக்கு அடிபட்டால் ஆறுவதும் கடினமாகும், மாத்திரையால் வருகிற கெடுதல் அதனால் கூடலாம் என்றார். கூடுமா, கூடலாமா என்று நான் விடாமல் கேட்டேன்.

"கூடலாம்ங்க ஐயா. கூடும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், எலிங்களுக்குக் குடுத்துப் பார்த்ததுலதான் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. ஆனா இன்னொருத்தர் குடுத்த கிட்னியை வச்சுக்கிட்டு அந்த 'லாமை' சோதிச்சுப் பார்க்க முடியாதுல்ல."

பழைய கிட்னி போனதிலும் தூளுக்குப் பங்கு இருக்குமா என்று கேட்டேன். அதற்கும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். மாத்திரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, போயிலை எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதாம். லாரியில் வந்த கல் எவ்வளவு, மண் எவ்வளவு என்று பிரித்து எடை போட எங்கள் மேடையிலும் முடியாது. எனக்கு அந்த 'லாம்' மீது கோபம் கோபமாக வந்தது. ஆமாம் என்றிருந்தால் பயந்து விட்டிருப்பேன், இல்லை என்றிருந்தால் நிம்மதியாக வைத்துக்கொண்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் நடுவில் நிறுத்திவிட்டார். அவர் கை விரிக்கவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது.

அரியலூரில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் படுப்பார், நீயும் பார்த்திருக்கிறாய். வளைகுடாவில் கடை வைத்திருந்தவர். அவருக்குத் தங்கச்சி கிட்னி கொடுத்து, அது சில வருஷம் ஓடி, பிறகு நின்றுபோய், மறுபடி மெஷினுக்கு வந்துவிட்டார். திருச்சியில் இருந்து வந்த மறுநாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எதனால் நின்றது பாய் என்று கேட்டேன். இத்தனை மாதமாக நான் கேட்டதில்லை. "எதனாலன்னு யாரும் சொல்லலைங்க, எனக்கும் தெரியல. தங்கச்சி அல்லா நாட்டம்னு சொல்லிட்டா. அவ பார்க்க வர்றப்ப நான்தான் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிறேன்" என்றார். அவர் ஒரு தப்பும் செய்யாதவராக இருக்கலாம். அவருக்கே கண்ணை மூட வேண்டியிருக்கிறது என்றால் எனக்கு எத்தனை கண் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதையெல்லாம் மீறியும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. ஊசி குத்திக் குத்தி இந்தக் கை முண்டும் முடிச்சுமாகிவிட்டது, மெஷினில் இருந்து எழுந்தால் அன்றைக்கு முழுக்க உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடக்கிறது. உன் கிட்னி வந்தால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கலாம் என்று தினமும் ஆசைப்படுகிறேன். ஆனால் உன் மனைவி கலை குரும்பலூரில் அவள் அம்மா வீட்டுக்கு வந்தவள், நம் வீட்டிலும் ஒரு பகல் தங்கினாள் அல்லவா? உன் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். உன் முடிவுக்குத் தானும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். உன் அம்மா உள்ளே போன நேரமாகப் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே, "மாமா, அவரு குடுக்கிறதை நீங்க பத்திரமாப் பார்த்துக்குவீங்கல்ல?" என்று கேட்டாள்.

எவ்வளவு நியாயமான கேள்வி பார். நீ கேட்கவில்லை, உன் அம்மா கேட்கவில்லை, டாக்டரம்மாகூட இப்படிக் கேட்கவில்லை. அவள் வயிற்றில் உன் பிள்ளை இருக்கிறது. புருஷன் உடம்பைத் திறந்து ஒன்றை எடுத்து இந்தக் கிழவனுக்குள் வைக்கப் போகிறார்கள், அது வீணாகாமல் இருக்குமா என்று அவளுக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. "பார்த்துக்குவேம்மா" என்றேன். உதட்டுக்குள் தூள் இருந்ததால் வார்த்தை குழறியது. நான் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ மாமா, தப்பாக் கேட்டுட்டேனா" என்று கண் கலங்கினாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இருவரும் சமாளித்தோம். தம்பி, என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

அன்றே தூள் டப்பாவை மக்காச்சோளத் தட்டைக்குள் வீசினேன். மறுநாள் தட்டையைக் கிளறித் தேடினேன். கிடைக்கவில்லை என்று உன் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். பிறகு கடைக்குப் போனேன். இந்தத் தூளை விற்கக் கூடாது என்று சட்டம். ஆனாலும் கடைக்காரர் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துத் தருவார், நான் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். சில நாள் விட்டேன், சில நாள் தோற்றேன். நேற்று யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அந்தத் தெரிந்தவர் நான்தான் என்றேன். தெரியும் ஐயா என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது, திட்டவில்லை. திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார். முழுதாக விட்டுவிட்டு வர வேண்டும், அதற்கு உதவி செய்ய ஆள் இருக்கிறார்கள், சூயிங்கம் மென்றாலும் அவர்களைக் கேட்டுத்தான் மெல்ல வேண்டும், மூத்திரத்தைச் சோதித்தாலே தெரிந்துவிடும், அதன் பிறகு தேதி பற்றிப் பேசலாம் என்றார். அதுவரைக்கும் உடம்பு தாங்குமா என்று கேட்டேன். அதற்கும் தாங்கலாம் என்றுதான் சொன்னார். "பையன்கிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

உனக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், தலைவலி இடுப்பு வலி என்று பெயர் தெரியாத மாத்திரையை வாங்கிப் போடாதே. நீ வெளியே போய் நின்று எதையாவது ஊதுகிறாயா, வாயில் வைக்கிறாயா என்று எனக்குத் தெரியாது, கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் டாக்டர் ஒன்றைக் கேட்டால், அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல். கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லியே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவன் நான்.

இதை எழுதும்போது வாயில் சோம்பு இருக்கிறது. நேற்று காலையில் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது தூள் இருந்தது. நாளைக்கு என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது, சத்தியம் செய்து தருகிற துணிச்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்யாதே, வா. குழந்தையாக இருக்கும்போது நீ வாசலை மறித்துக்கொண்டு, வருகிற மாமன் சித்தப்பன் எல்லாருடைய சட்டைப் பையையும் தடவி "நெருப்பு இருக்கா?" என்று என் குரலில் கேட்பாய், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் அத்தனை வருஷம் பையைத் தடவினேன், ஒருவர் வாயையும் பார்த்ததில்லை. நீ இனி ஒவ்வொரு தடவை வரும்போதும் என் பையைத் தடவாதே, அதில் ஒன்றும் இருக்காது. "வாயைத் திறங்கப்பா" என்று சொல். அப்பனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதே, கீழ் உதட்டை இழுத்துப் பார். உள்ளே தூள் இருந்தால் தோள் பையைக் கீழே வைக்காமல் வந்த வழியே திரும்பிப் போய்விடு. கலை கேட்டாளே, அவளுக்கு என் பதில் அதுதான் என்று சொல்லிவிடு.

உன் அப்பா